மூலக்கொத்தளத்து வீட்டுக்கு ஒரு கவுனி

எங்கள் பேட்டையின் பெயரிலேயே ஒரு கோட்டைச் சுவர் இருக்கிறது. மதிலின் மூலையில் பீரங்கி வைக்கக் கட்டிய கொத்தளம்தான் மக்கள் வாயில் மூலக்கொத்தளம் ஆனது என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் சுடுகாடும், 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடமும்தான் ஞாபகம் வரும். இன்று நான் எழுத வந்தது அந்த மதிலைப் பற்றியும், எங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னைக்கு வந்தது. ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்குப் பலமான சுவர் இருந்தது. வெளியே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் இருந்த நம் ஜனங்களுக்கு உருப்படியான மதில் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் சுலபமாக உள்ளே வந்து கொள்ளையடித்தார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயர் கப்பல்கள் வந்த பிறகுதான் முற்றுகை விலகியது. அதன்பின் ஹைதர் அலியின் குதிரைப்படையும் சென்னையின் ஓரம்வரை வந்து பயமுறுத்தியது. அதற்கும் பிறகே கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு. 1772 வாக்கில் வேலை முடிந்தது. செலவை மக்களிடம் வரியாக வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவே இல்லை, ஆனால் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலில் விட்ட வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மிச்சச் சுவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவுக்குப் போய் வரலாம்.

அடிபட்ட பிறகு சுவர் கட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதையேதான் செய்தேன்.

2020 கடைசியில் மகளோடு பெங்களூரில் இருந்தேன். 86 வயது அம்மா இங்கே வீட்டை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். துணைக்கு ஓர் அம்மாள் உண்டு. அம்மா படுக்கும் கூடத்தில் ஒரு கேமரா மாட்டி, பெங்களூரிலிருந்து போனில் பார்த்துக்கொள்வேன். அதற்காக ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்திருந்தது. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை. ஒருநாள் காலை அம்மா போனில், "டேய், ராத்திரியெல்லாம் ஏன்டா அத்த திருப்பிக்கினே இருக்கே? தூக்கமே வரல" என்றார். எனக்குப் பகீரென்றது. முந்தின இரவு நான் கேமராவைத் தொடவே இல்லை. யாரோ முகம் தெரியாதவன் என் அம்மா படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். உடனே கேமராவின் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன்.

இது புது வித்தையும் அல்ல. 2016-இலேயே மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனிகள் வைத்து அனுப்பும் சுமார் 60 பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. கவுனியைத் திறந்து வைத்து, காவலுக்கு ஆள் போடாதவர்களில் நானும் ஒருவன்.

என் தங்கை மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "மாமா, கேமராவைத் தெருவுல வெக்காதீங்க. வீட்டுக்குள்ள வர ஒரே ஒரு வழி வெப்போம், அதுக்குச் சாவி போடுவோம்" என்றான். அதற்குப் பெயர் வி.பி.என்.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். அந்தக் காலத்தில் ஒரு பேங்கின் இரண்டு கிளைகள் ரகசியமாகப் பேச வேண்டுமானால் தனி லைனை வாடகைக்கு எடுக்க வேண்டும். தூரத்துக்குத் தக்கபடி வாடகை. இன்டர்நெட் வந்ததும், எல்லாரும் போகும் பொதுச்சாலையிலேயே பூட்டிய பெட்டியில் சரக்கை அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். 1996-இல் மைக்ரோசாஃப்ட்டில் இருந்த குர்தீப் சிங் பால் முதலானோர் பி.பி.டி.பி. என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தப் பூட்டில் ஓட்டைகள் இருப்பதை நிபுணர்கள் காட்டினார்கள். 2001-இல் ஜேம்ஸ் யோனன் ஓப்பன்வி.பி.என்.னை எழுதினார். மத்திய ஆசியாவில் பயணம் செய்தபடி ஆபீஸ் வேலை பார்த்தபோது, தன் தகவல் யார் யார் நாட்டு வழியாகப் போகிறதோ என்ற கவலையில் பிறந்தது அது. அப்புறம் ஜேசன் டோனன்ஃபெல்டின் வயர்கார்டு. சுமார் 4,000 வரிகளில் அடங்கிய நிரல். 2020 மார்ச் கடைசியில், நாம் ஊரடங்கில் முடங்கிய அதே வாரத்தில், அது லினக்ஸின் உள்ளேயே சேர்ந்தது.

அதைத்தான் தங்கை மகன் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியில் போட்டான். ஒரே சிக்கல், எங்கள் இணைப்புக்குத் தனி ஐ.பி. முகவரி இல்லை. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுக்கிறார்கள். மாதாமாதம் கொஞ்சம் கூடக் கட்டி நிலையான முகவரி வாங்கினோம். கேமராவுக்கான போர்ட்டை மூடிவிட்டு, வயர்கார்டுக்கு மட்டும் ஒன்றைத் திறந்தோம். சாவி இல்லாதவன் வந்து தட்டினால் அது பதிலே சொல்லாது. அங்கே கதவு இருப்பதே அவனுக்குத் தெரியாது. என் போனுக்கு ஒரு சாவி, மகள் போனுக்கு ஒரு சாவி. போன் தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் நீக்கிவிடலாம். கேமராவின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றினோம்.

2022 ஏப்ரலில் வி.பி.என். பற்றி அரசு உத்தரவு போட்டதே, இதை வீட்டில் வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்கும் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது. நம் வீட்டுக்கு நாமே போட்டுக்கொள்ளும் கதவு வேறு விஷயம்.

கேமராவைத் திரும்ப மாட்டியது அம்மா சம்மதித்த பிறகுதான். முதல் நாள் பெங்களூரிலிருந்து லேசாகத் திருப்பிப் பார்த்தேன். உடனே போன் வந்தது.

"இப்போ நீதானாடா?"

"நான்தாம்மா."

"சரி, மேல ஃபேன் மேல ஒட்டடை இருக்குதாம் பாரு" என்றார்.