மழைக்காட்டுத் தொல்லியலும் மின்னிதழியலின் கடமையும்

மழைக்காட்டுத் தொல்லியல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகின்றன: அடர்காடு, அதற்குள் புதைந்த நகரம், அதை முதன்முதலாகக் கண்ட அறிஞர். 2024 ஜனவரியில் ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கு உலகெங்கும் இப்படித்தான் செய்தியானது. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைப் பாய்ச்சி, மரங்களுக்கு அடியிலுள்ள தரையின் வடிவை வரையும் லைடார் முறை, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6,000க்கும் மேற்பட்ட மண்மேடைகளையும் அவற்றை இணைத்த நேர்ச்சாலைகளையும் காட்டியது. 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அந்த ஆய்வின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் ஆய்வை நடத்திய ஸ்டெஃபான் ரோஸ்தெயின் 1990களிலேயே அங்கு அகழாய்வில் இறங்கியவர். அவருக்கும் முன்பே பெத்ரோ பொர்ராஸ் என்ற பாதிரியார் அம்மேடுகளை ஆராய்ந்திருந்தார். ஷுவார் மக்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர். திடீரென வெளிப்பட்ட அதிசயம் என்ற சித்திரத்துக்குள் இவை அடங்குவதில்லை. இந்த விடுபடலை வெறும் நடைக்குறை என்று ஒதுக்க முடியாது. அது வாழும் மக்களின் உரிமையைத் தொடும் பிழை. காட்டின் பழமையை எழுதுபவர் அப்பழமைக்கு உரியவர்களையும் அதே செய்திக்குள் பேசவிட வேண்டும்.

உரிமை என்பது இங்கே மிகைச்சொல் அன்று. பிரேசிலில், இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1988 அக்டோபர் 5 அன்று தங்கள் வசத்திலிருந்த நிலத்தையே பழங்குடியினர் கோரலாம் என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, அக்டோபரில், அமேசான் படுகையில் 10,000க்கும் மேற்பட்ட பண்டைய மண்கட்டுமானங்கள் இன்னும் மறைந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடு வெளிவந்தது. அதைப் புதையல் கதையாகச் சொன்னால் காடு ஆளற்றதாகவே வாசகர் மனத்தில் நிற்கும். மக்கள் நெடுங்காலம் வாழ்ந்து வடிவமைத்த நிலம் என்று சொன்னால்தான் அந்த வழக்கின் பொருளே விளங்கும்.

பரபரப்பு இல்லாவிட்டால் யார் படிப்பார்கள், பாதுகாப்புக்குப் பணம் எப்படி வரும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. 2015இல் ஹோண்டுராஸின் மொஸ்கீத்தியாக் காட்டில் 'மறைந்த நகரம்' கிடைத்ததாக வந்த செய்தி, அவ்விடத்துக்கு இராணுவக் காவலைப் பெற்றுத் தந்தது உண்மை. ஆனால் முந்தைய ஆய்வுகளையும் உள்ளூர் மக்களின் அறிவையும் அது புறக்கணித்தது என அறிஞர் பலர் திறந்த மடலில் கண்டித்தனர். கவனத்தை ஈர்க்க அந்தப் புறக்கணிப்பு தேவைப்படவில்லை. காட்டுக்குள் ஓர் ஊர் இருந்ததே போதிய வியப்பு. வாய்மொழி வழக்காறு சான்றாகாது என்பது இன்னொரு மறுப்பு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் வாழும் குயிகுரு மக்கள் இதற்கு விடை தருகின்றனர். பள்ளங்களும் சாலைகளும் கொண்ட 19 பண்டைய குடியிருப்புகளை விவரித்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையில், தொல்லியலாளர் மைக்கேல் ஹெக்கன்பெர்கருடன் குயிகுரு மக்களில் இருவரும் ஆசிரியர்கள். பின்னர் வந்த இன்னோர் ஆய்வில், சாம்பலும் உணவுக்கழிவும் இட்டு மண்ணைக் கறுப்பாக்கி வளப்படுத்துவதை அம்மக்கள் விளக்கினர். இன்றைய ஊர் மண்ணும் பண்டைய குடியிருப்பு மண்ணும் ஒத்திருப்பதை ஆய்வகச் சோதனை காட்டியது. 2023இல் வெளிவந்த இந்த முடிவில் வாய்மொழியும் வேதியியலும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

அச்சிதழுக்கு இடப்பஞ்சம் என்ற சமாதானம் இருந்தது. மின்னிதழுக்கு அது இல்லை. முந்தைய ஆய்வுகளுக்கு இணைப்புத் தரலாம், மூத்தோரின் விளக்கத்தை அவர்கள் மொழியிலேயே ஒலியாகச் சேர்க்கலாம், தவறு தெரிந்தால் கட்டுரையையே திருத்தலாம். ஆனால் அதே வசதி, ஒரு வரைபடத்தின் வழியே கொள்ளையருக்கும் பாதை காட்டிவிடும். எல்லாவற்றையும் அறிவது பொதுமக்களின் உரிமை எனலாம்; ஆனால் ஓரிடத்தின் சிறப்பை அறிய அதன் துல்லியமான அமைவிடம் தேவையில்லை. எதை வெளியிடுவது, எதை மறைப்பது என்ற முடிவை, அந்த நிலத்தில் வாழ்வோரைக் கலந்தே எடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் அவர்களை இணையாசிரியராக ஏற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. செய்தியாளர்கள் இனியும் அவர்களைக் காட்சிப்பின்னணியாக நிறுத்துவதற்கு நியாயமில்லை.