இராயபுரம் படகோட்டிகளின் மகமையும் திருச்சபை ஒருமையும்

முன்னுரை

தொடக்கத் திருச்சபையினர் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் எனத் திருத்தூதர் பணிகள் நூலின் 2, 4ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன. நிலமும் வீடும் உடையோர் அவற்றை விற்றுத் தொகையைத் திருத்தூதரிடம் ஒப்படைத்தனர். தேவைக்கேற்ப அது பகிர்ந்தளிக்கப்பட்டது. இப்பகிர்வு நெறி தமிழகக் கடற்கரையில் எவ்வடிவம் பெற்றது என்பதை, வடசென்னை இராயபுரத்துக் கத்தோலிக்கப் படகோட்டிச் சமூகத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

துறைமுகம் இல்லாத பட்டினம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைத்து உருவாக்கப்பட்டதால், அலை மோதும்போது அவை உடையாமல் வளைந்து கொடுத்தன. தண்டு வலிப்போர் பலரும் அவர்களை நடத்தும் தண்டலும் ஒருமித்து இயங்கினாலன்றி அப்படகு கரை சேராது. தனியொருவர் செய்ய இயலாத தொழில் அது. இத்தொழிலில் ஈடுபட்ட குருகுல வம்சக் கிறித்தவர்கள் இராயபுரத்தில் செறிந்து வாழ்ந்தனர். பேதுருவின் தமிழ்ப் பெயரான இராயப்பர் என்பதே ஊர்ப்பெயருக்கு அடிப்படை என்பர். மீனவரான திருத்தூதர் கடல் தொழிலாளரின் பாதுகாவலரானது இயல்பே.

மகமை என்னும் வடிவம்

இச்சமூகம் படகுத் தொழிலின் வருவாயிலிருந்து ஒரு பங்கைப் பொதுநிதியாகச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராயப்பர் ஆலயத்தை எழுப்பியது. வணிகத்தின் ஒவ்வோர் அலகுக்கும் சிறுதொகை ஒதுக்கிப் பொதுப்பணி செய்யும் வழக்கம் தமிழகத்தில் மகமை எனப்படும். விருதுநகர், சிவகாசி நாடார்களின் உறவின்முறைகள் மகமையால் கோயில்களையும் பள்ளிகளையும் நடத்தியது அறிந்ததே. எருசலேமில் உடைமை விற்கப்பட்டது. இராயபுரத்திலோ உழைப்பின் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. முன்னது கையிருப்பைப் பகிர்வது. பின்னது வருவாயைப் பகிர்வது. அன்றாடம் உழைத்து உண்போருக்கு இரண்டாவதே இயலக்கூடியதாகவும் நிலைக்கக்கூடியதாகவும் இருந்தது எனலாம்.

பகிர்வின் எல்லை

பகிர்வு தொடங்கும் இடத்தில் பங்கீட்டுச் சிக்கலும் தொடங்குகிறது. எருசலேமிலேயே கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்தது; அதற்காகவே எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மகமையிலும் கொடுப்போர் வட்டம் உரிமையாளர் வட்டமாக எளிதில் மாறிவிடும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் இதற்குச் சான்று. அங்கே சாதிகளைப் பிரித்து ஆலயத்துள் நின்ற சுவர் 1910இல் அகற்றப்பட்டபோது, தனியிட உரிமை கோரிய தரப்பினர் நீதிமன்றத்தை நாடினர், அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒரு குழுவுக்குள் ஒற்றுமையை வளர்த்த கொடை, திருச்சபை முழுமையின் ஒருமைக்குத் தடையாகவும் அமையக்கூடும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஆளுகை நிலையிலும் பிளவு இருந்தது. 1606இல் தோன்றிய மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கீசிய அரசின் புரவலுரிமைக்கு உட்பட்டது. 1832இல் உரோமையின் நேரடிப் பொறுப்பில் மற்றோர் ஆளுகை சென்னையில் நிறுவப்பட்டது. ஒரே நகரின் கத்தோலிக்கர் இரு தலைமைகளின்கீழ் வாழ்ந்தனர். 1952இல்தான் இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவாயிற்று. சீர்திருத்தத் திருச்சபைகள் பல அதற்கு முன்பே, 1947 செப்டம்பர் 27 அன்று, தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்திருந்தன.

துறைமுகம் வந்த பின்

1861இல் இரும்புப் பாலத்துறையும், 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகமும் படகோட்டிகளின் தொழிலைப் படிப்படியாகக் குறைத்தன. 1881இன் புயல் கட்டுமானத்தைச் சிதைத்தபோதும் பணி நிற்கவில்லை. கப்பல்கள் கரையணையத் தொடங்கியதும் மசூலாப் படகுக்குத் தேவை குன்றியது. மகமையின் ஊற்று வற்றினாலும், அதனால் எழுந்த ஆலயம் ஊருக்கு நிலைத்தது.

முடிவுரை

இராயபுரத்தின் பகிர்வு, மறைநூல் கட்டளையிலிருந்து மட்டும் பிறந்ததன்று. ஒரே படகில் தண்டு வலித்தோரின் தொழில் ஒழுங்கிலிருந்தும் பிறந்தது. அதுவே அதன் வலிமையும் எல்லையுமாகும். உடன் உழைத்தவனோடு பகிர்வது எளிது; உடன் உழைக்காதவனையும் உறவாக ஏற்கும்போதே பகிர்வு திருச்சபை ஒருமையாக முழுமை பெறுகிறது.