தாடையைத் தின்ற தீக்குச்சி

1830-களின் தொடக்கத்தில் சார்ல் சோரியா என்ற பிரெஞ்சு இளைஞர் தீக்குச்சி மருந்தில் வெண் பாஸ்பரஸைச் சேர்த்தார். எங்கே உரசினாலும் பற்றிக்கொண்டது. அந்த மருந்து ஆளைத் தின்னும் என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

1845 வாக்கில் வியன்னா மருத்துவர் லோரின்சர், தீக்குச்சித் தொழிலாளரின் தாடை நோயை எழுதிவைத்தார். முதலில் பல்வலி, பிறகு ஈறு வீங்கிச் சீழ் வடியும், கடைசியில் தாடையெலும்பு செத்துத் துண்டுதுண்டாக உதிரும். நாற்றம் தாங்காமல் வீட்டாரே ஒதுங்கினார்கள். லண்டன் போ பகுதியின் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள், பாஸ்பரஸ் ஒட்டிய கையோடு வேலை செய்த இடத்திலேயே சாப்பிட்டார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. சிவப்பு பாஸ்பரஸ் கொண்ட ஸ்வீடன் பாதுகாப்புத் தீப்பெட்டியின் பிரிட்டிஷ் காப்புரிமையை 1855-லேயே வாங்கியது இதே நிறுவனத்தார்தான்! ஆனால், மலிவான பழைய குச்சியை விட மனமில்லை. 1888-இல் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நிலையை அம்பலப்படுத்தி எழுதியவர், பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட். அப்போதும் வெண் பாஸ்பரஸ் போகவில்லை. நோயாளிகளை மறைத்ததற்காக 1898-இல் நிறுவனத்துக்குக் கிடைத்த அபராதம் 25 பவுண்டு சொச்சம். வெட்கக்கேடு.

அமெரிக்காவின் டைமண்ட் மேட்ச் நிறுவனம் மட்டும் 1911-இல், நஞ்சில்லா மருந்துக்கான தன் காப்புரிமையைப் பிறருக்காக விட்டுக்கொடுத்தது. அதுவும் அதிபர் டாஃப்ட் கேட்ட பிறகு.

இந்தியா 1913-இல் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.