மின்சாரத்தின் கதையில் ஒரு தோல் துண்டு

இன்னைக்கு எபிசோட் அணைக்கட்டிலிருந்து. வேலூர் மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். ஆம்பூர், வேலூர் தோல் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழற வட்டாரம். ஆனா அப்பா அம்மா தோல் வேலைன்னு வகுப்பில் சொல்லத் தயங்கற பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். அவங்களுக்காகத்தான் இந்தக் கதை.

1700களின் தொடக்கத்தில் லண்டனில் ஹாக்ஸ்பீ, சுழலும் கண்ணாடி உருண்டைமேல் கையை வைத்து உரசி நிலைமின்சாரம் உண்டாக்கினார். 1740களில் லைப்சிக் பேராசிரியர் விங்க்ளர், கைக்குப் பதிலா ஒரு தோல் மெத்தையை வைத்தார். அதுக்கப்புறம் ரொம்ப காலம் மின் இயந்திரம்னா கண்ணாடியும் அதை உரசும் தோலும்தான். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த அறிவியல் கருவிகளிலும் மின் இயந்திரம் இருந்தது.

அடுத்த தாவல், உரசாமலே மின்னூட்டம் ஏற்றுவது. அதுதான் மின்தூண்டல். சுவீடனின் வில்கே 1762இல் செய்து பார்த்ததை, இத்தாலியின் வோல்டா 1775இல் எல்லாரும் பயன்படுத்தக்கூடிய கருவியாக்கினார். பேரு எலெக்ட்ரோபோரஸ்.

அரண்மனையில் இருந்த வித்தையை இப்போ எட்டாம் வகுப்பிலேயே செய்யலாம். ஒரு தெர்மாகோல் அட்டை. அதைவிடச் சின்ன ஸ்டீல் தட்டு, நடுவில் கைப்பிடியா ஒட்டின பிளாஸ்டிக் டம்ளர். காய்ந்த தோல் துண்டால் அட்டையை நல்லா உரசணும். அதில் எதிர் மின்னூட்டம் ஏறும். தட்டை மேலே வெச்சா, தட்டில் இருக்கிற எலக்ட்ரான்களை அது தள்ளும். தட்டை விரலால் தொட்டா, அந்த எலக்ட்ரான்கள் நம்ம உடம்பு வழியா வெளியேறிடும். விரலை எடுத்துட்டு, டம்ளரைப் பிடிச்சு தட்டைத் தூக்கினா, அதில் நேர் மின்னூட்டம். விரலைக் கிட்ட கொண்டுபோனா 'டிக்'குனு ஒரு பொறி! மழைக்காலத்தில் சரியா வராது, ஈரம் கெடுத்துடும். வேலூர் வெயில்தான் இதுக்குத் தோது.

திரும்ப உரசாமலே இதைப் பல தடவை செய்யலாம். "சார், அட்டையில இருந்த கரண்ட் தீரலையா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. சரியான கேள்வி. அட்டையிலிருந்து தட்டுக்கு ஏறக்குறைய எதுவுமே போகலை. ஈர்ப்பை மீறித் தட்டைத் தூக்குற கை செய்யற வேலைதான் பொறியாகுது.

அன்னைக்கு உரசின தோல், அவ வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்புத் தோல் வெட்டு. அதை எங்கிருந்து எடுத்தான்னு வகுப்புக்கே சத்தமா சொன்னா.