திருத்தணி பிள்ளைகள் சிலை, நகை வேலை படிக்க எங்கே போகலாம்? பரம்பரைத் தொழில் இல்லாதவங்களும் சேர முடியுமா?

உற்சவர் சிலை, வெள்ளிக் கவசம், வேல், காவடி மணி. திருத்தணி மாதிரி கோயில் ஊரில் உலோக வேலை கண்ணில் படாத நாளே கிடையாது. ஆனா, அந்த வேலையை எங்கே கத்துக்கலாம் என்று கேட்டால், "அது பரம்பரைத் தொழில்ங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அது பாதி உண்மைதான். பட்டறைக்கு வெளியே, கல்லூரியில் படித்தும் இந்தத் தொழிலுக்கு வரலாம்.

பட்டறைக்கும் கல்லூரிக்கும் என்ன வித்தியாசம்?

பட்டறையில் பாடத்திட்டம் கிடையாது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். மகன், மருமகன், தெரிந்தவர் வீட்டுப் பையன் என்றுதான் பெரும்பாலும் உள்ளே வருவார்கள். பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிது. கல்லூரியில் விண்ணப்பம் போட்டு, தகுதி பார்த்துச் சேர்க்கிறார்கள். அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பது அங்கே தகுதி இல்லை. இந்தப் படிப்பின் பெரிய பலனே இதுதான்.

எங்கெங்கே படிக்கலாம்?

மாமல்லபுரம்: 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கியது இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கல், மரம், சுதை, உலோகம் என மரபுச் சிற்பப் பிரிவுகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 4 ஆண்டு பட்டப்படிப்பு. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி இங்கே முதல்வராக இருந்தவர்.

சென்னை: 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ஒரு காலத்தில் உலோக வேலையும் நகை வேலையும் இங்கே தனித் தொழிலாகவே சொல்லித் தரப்பட்டன. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கியதும் இங்கேதான். இப்போது இது நவீன கலைக்கான இடம். இங்கே படித்த சிற்பி பி.வி. ஜானகிராம், மூலவருக்குச் சாத்தும் கவசத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, செப்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் புதுவகைச் சிற்பங்கள் செய்தார். சேர்வதற்கு ஓவியத் திறன் முக்கியம். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.

திருப்பதி: எல்லை தாண்டினால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. உலோகச் சிற்பமும் அங்கே ஒரு பிரிவு. தூரம் 70 கி.மீ.க்குள்தான். ஆனால் வெளிமாநிலத்தவருக்கான விதி, பாடமொழி இரண்டையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

வகுப்பில் என்ன கத்துக் கொடுப்பாங்க?

முதலில் படம் வரையணும். பிறகு 'தாளம்' எனும் அளவு முறை. எந்தத் தெய்வத்துக்கு முகம் எவ்வளவு, உடல் எத்தனை முகம் உயரம் என்ற கணக்கு அது. அதன் பிறகுதான் மெழுகு வார்ப்பு.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வார்கள். அதன் மேல் மெல்லிய வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காய வைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுத்து, உளியால் கண், நகை, மடிப்பு எல்லாம் செதுக்குவார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். வார்ப்பில் தப்பு நடந்தால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்கணும்.

சிலை படிச்சா நகை வேலை வந்துடுமா?

வராது. இரண்டும் வேறு பாதை. நகையில் கம்பி இழுப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பது, கல் பதிப்பது, மெருகு போடுவது என்று வேலையே தனி. கணக்கும் தனி. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை 6 இலக்க எச்யூஐடி எண் இல்லாமல் கடையில் விற்க முடியாது.

வடிவமைப்பு படிக்க விரும்புகிறவர்கள் நிஃப்ட் போன்ற நிறுவனங்களின் அணிகலன் வடிவமைப்புப் படிப்பைப் பார்க்கலாம். அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. கோயில் நகை என்றால் நாகர்கோவில் வடசேரி. அங்கே செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

படிச்சு முடிச்ச பிறகு?

4 ஆண்டில் கை பழகும். ஆனால் வேகம் பட்டறையில்தான் வரும். அதனால் படிப்பு முடிந்ததும் சுவாமிமலை போன்ற ஊர்களில் ஒரு ஸ்தபதியிடம் சில ஆண்டு வேலை செய்வது பயன் தரும்.

சொந்தப் பட்டறை போட நினைத்தால், கடன் திட்டத்தின் விதிகளைக் கவனிக்கணும். மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொண்டது என்று எதிர்த்த தமிழக அரசு, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் கிடைக்கும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதாவது, 22 வயதில் பட்டம் வாங்கும் மாணவருக்கு இது உடனே உதவாது. அதுவரை சம்பள வேலையோ வேறு கடனோதான் வழி.

இப்போதே என்ன செய்யலாம்?

பிளஸ் ஒன் படிக்கும்போதே தினமும் பென்சிலில் வரைந்து பழகுங்கள். பக்கத்துக் கோயிலில் ஒரு தூணையோ வாகனத்தையோ எடுத்துக்கொண்டு, அதையே பல கோணத்தில் வரையலாம். களிமண்ணிலோ மெழுகிலோ சின்ன உருவம் செய்து பார்க்கலாம். சேர்வதற்கு முன் ஒருமுறை கல்லூரிக்கு நேரில் போய், வகுப்பையும் வார்ப்புக் கூடத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சூட்டிலும் புகையிலும் 4 வருஷம் நிற்க முடியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.