ஓமமும் கொக்கிப்புழுவும்

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்நிவாரணத்தைத் தேடிய வரலாற்றில் நம் அடுக்களை ஓமத்திற்கும் இடமுண்டு.

1880-ஐ ஒட்டி, ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்ட் சுரங்கப் பாதையைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளர்கள் இரத்தம் வற்றி வெளிறினர். குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவே காரணம். தூரின் நகர மருத்துவர் பொட்சோலோ அந்நோய்க்குத் தைமோல் கொடுத்துப் பலன் கண்டார். ஓம எண்ணெயிலிருந்து பிரியும் படிகப் பொருளே தைமோல். இந்திய ஓமவிதை ஜெர்மனிக்குச் சென்று தைமோலாயிற்று. 1914-இல் மூண்ட போர் அவ்வணிகத்தை முறித்தது. 1909-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்பெல்லர் ஆணையம் தொடங்கிய ஒழிப்புப் பணியிலும் அதுவே முதன்மை மருந்து.

ஆயினும் புழுவைக் கொல்லும் அளவு மனிதனையும் வருத்தியது. மதுவோ எண்ணெயோ சேர்ந்தால் நஞ்சேறியது. ஆகவே பாதுகாப்பான மாத்திரைகள் பின்னாளில் அதன் இடத்தைப் பெற்றன. ஓமநீர் அருந்துவது வேறு. செறிந்த ஓம எண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டுவது வேறு. பின்னதைத் தவிர்த்து மருத்துவரை நாடுக.

மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே அப்புழு நுழைகிறது. மக்கள் நடக்கும் வழியிலும் நிழலிலும் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மருந்துக்கு முந்திய காப்பு அதுவே.