ஓலை வளையமும் ஒற்றைப்படைக் கணக்கும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் பிறந்தவர்களுக்கு "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி பழகிப்போன ஒன்று. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அது தனிக்கதை.

பக்கமே பிரிக்க முடியாத ஒரு பொருளை எனக்கு முதலில் காட்டியவர் அம்மச்சி. ஓலைக்கீற்றை ஒரு முறுக்கு முறுக்கி, நுனிகளைச் சேர்த்து வளையமாக்கித் தருவார். போன மாதம் கல்லூரியில் கணிதம் படிக்கும் மகள் அதையே காகிதத்தில் செய்து காட்டினாள். "இதுக்குப் பின்னால் இருக்கிற கணக்கில் ஸ்டீஃபல், விட்னி, பொன்ட்ரியாகின், செர்ன்னுதான் பேர் வருது. நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லையாப்பா?" என்றாள். நான் வெறும் பி.காம். ஆனாலும் கேள்வி உறுத்தியது. தேடிப் படித்தேன்.

முதலில் விஷயம். வளையத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலே பேனாவை வைத்து, ஒரு சுற்று சுற்றி, தொடங்கிய இடத்திலேயே கோட்டை முடிக்கப் பாருங்கள். முறுக்கு இருப்பதால் நடுக்கோட்டை வெட்டாமல் முடியாது. ஒரு தடவை, மூன்று தடவை, ஐந்து தடவை... எப்படி வரைந்தாலும் ஒற்றைப்படைதான். வெட்டும் இடம்தான் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களை இடம் மாற்றலாம், ஒழிக்க முடியாது. 1935 வாக்கில் சூரிச்சில் ஸ்டீஃபலும் அமெரிக்காவில் விட்னியும் தனித்தனியாகக் கண்டது இந்த ஒற்றை-இரட்டைக் கணக்கைத்தான். பரிமாணம் கூடினாலும் அது செல்லும்.

இதற்கு முன்னோடி, தேங்காய் நார் சமாச்சாரம். உருண்டை முழுக்க முடி இருந்தால், எங்கும் சுழி விழாமல் படிய வாரவே முடியாது. சுழிகளை வரவு, செலவு என்று குறி போட்டுக் கூட்டினால் எப்போதும் 2 வரும். உளுந்து வடைக்கோ பூஜ்யம், அதனால் வாரிவிடலாம்! புவான்காரே 1885-ல் தொடங்கியதை ஹாஃப் 1926-ல் பொதுவாக நிறுவினார். ஸ்டீஃபல் அவருடைய மாணவர். பொன்ட்ரியாகின் 14 வயதில் அடுப்பு வெடித்துப் பார்வை இழந்தவர். அம்மா புத்தகம் படித்துச் சொல்ல, கணிதம் கற்றார்.

செர்ன் 1940களில் காட்டியது இன்னொரு வழி. பூஜ்யங்களை எண்ணாமல், வளைவை எல்லா இடத்திலும் கூட்டினாலும் அதே விடை வரும். இரண்டு பேரேடு, ஒரே டேலி. (ஓலை வளையத்துக்கு இது பலிக்காது. அங்கே வளைவு பூஜ்யம், முறுக்கு மட்டும் பாக்கி.) பூஜ்யங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தாலும் கணக்கு நிற்குமா என்பதை ஹார்வி, லாசன், ஸ்வெக் முதலானோர் 1990களில் ஆராய்ந்தார்கள்.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். செர்ன் பாரீஸில் எலி கார்ட்டானிடம் பயின்றவர். அதே கார்ட்டானின் மாணவர்தான் 1937-ல் இந்தியா வந்த பாதிரியார் ரசீன். சென்னை லயோலாவில் அவரிடம் படித்தார்கள் இரண்டு பையன்கள். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்திரி. இன்னொருவர் வடாற்காடு தண்டரை கிராமத்தில் பிறந்த எம்.எஸ்.நரசிம்மன். இருவருக்கும் பிறந்த வருஷம் 1932. 1953-ல் இருவரும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் போனார்கள். 1965-ல் வந்த நரசிம்மன்–சேஷாத்திரி தேற்றம் உலகப் பிரசித்தம்.

ஆனால் நம் கணக்குக்கு நேரே வருவது நரசிம்மனும் எஸ்.ரமணனும் 1961-லும் 1963-லும் எழுதிய இரண்டு கட்டுரைகள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வளைவை அளக்கும் எந்தக் கிளையின் கணக்குமுறையும் ஒரே தலைமையகப் பேரேட்டிலிருந்து எடுத்த நகல்தான் என்று நிரூபித்தார்கள். அப்படியானால் பல விஷயங்களைத் தலைமையகத்தில் ஒரு தடவை சரிபார்த்தால் போதும், எல்லாக் கிளைக்கும் செல்லுபடி. 1974-ல் செர்னும் சைமன்ஸும் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் இது பயன்படுகிறது.

மகளிடம் சொன்னேன். நூலகத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. நரசிம்மன், ரமணன் என்ற பெயர்களைக் கண்டதும் அவள் பென்சிலால் அடிக்கோடு போடப் போனாள். நூலகப் புத்தகம் என்று தடுத்துவிட்டேன்.